துருத்தி ரப்பர்

படகின் கியர் எண்ணெயை மேலிருந்து ஊற்றக் கூடாது. கீழ்த் துளையில் குழாயைச் செருகி, கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். நிரம்பியது போலத் தெரியும், நிரம்பியிருக்காது. வீட்டிலேயே இந்த வேலையைச் செய்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நான் ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லை.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. "வேலை சரியாகத் தெரியாமல் ஏதோ தவறு நடந்திருக்குமோ?" என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். நல்ல மனதோடுதான் கேட்டீர்கள். எனக்கு இருமல் என்று வெந்நீர் வரவழைத்தீர்கள். எழுத உட்கார்ந்தபோது உங்கள் மூக்குக்கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தீர்கள். அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு வேலை தெரியும்.

என் உத்தியோகம் தராசுகளைச் சரிபார்ப்பது. கடை கடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை வைப்பேன். என் மனைவிக்குப் படகு ஓட்டும் தொழில். காலையிலும் மாலையிலும் நீரிணையைத் தாண்டித் தீவு மருத்துவமனைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, கூட்டி வருவாள். செவிலியர், நோயாளிகள், மருந்துப் பெட்டிகள். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். படித்துறையில் அவளை எல்லோரும் 'கேப்டனக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடவும் அங்கே ஒரு பெயர் உண்டு: 'கேப்டனக்கா வீட்டுக்காரர்.' பதினோரு ஆண்டுகளில் என் பெயரை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

அவள் ஓட்டுவாள், நான் பராமரிப்பேன். கல்யாணமான புதிதில் நாங்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அந்தப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். அதன் கால் மட்டும் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே தண்ணீருக்குள் தொங்கும். நாங்கள் அதை டிரைவ் என்போம். பொத்தானை அழுத்தினால் மேலே தூக்கிக்கொள்ளும், இன்னொரு முறை அழுத்தினால் இறங்கும். எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போகும் மூட்டைச் சுற்றி ஒரு ரப்பர் உறை இருக்கிறது. மடிப்பு மடிப்பாக, கொல்லன் பட்டறைத் துருத்தி போல இருக்கும். தண்ணீருக்கும் படகின் வயிற்றுக்கும் நடுவே அந்த ரப்பரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான்.

ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் படகைச் சரிவில் மேலே இழுப்போம். எண்ணெய் மாற்றுவேன். பழைய எண்ணெயை விரலில் தொட்டுப் பார்ப்பேன். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் எங்கோ தண்ணீர் நுழைகிறது என்று அர்த்தம். உப்புநீர் டிரைவை அரிக்காமலிருக்க, அதற்குப் பதிலாகத் தாமே கரையும் துத்தநாகக் கட்டிகளைப் பார்ப்பேன். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதிது. குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரத்தில் ஒரு இதழ் வளைந்திருந்தாலும் புதிது. ஒவ்வொரு முனையிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை புதிய கிரீஸ் அடிப்பேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

முன்கூட்டியே பராமரிப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, ஐயா. அதை நன்றாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. பதினோரு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? தீவுக்குப் பிரசவத்துக்குப் போய் வந்த வீட்டார் பழக்கூடை கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பார்கள். புயலுக்கு முன்னால் நோயாளியைக் கரை சேர்த்தபோது அவளுக்கு மாலை போட்டார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்று கை தட்டினேன். என் நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததால் மெதுவாகத்தான் தட்டினேன்.

எங்களுக்குள் சண்டை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் படகைக் கட்டியதும் அவள் டிரைவைத் தூக்கி வைத்துவிடுவாள். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் இருக்கிறார். குரல் பெரிதென்று அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். அவர் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. தண்ணீருக்கு மேலே இருந்தால் சிப்பி ஒட்டாதாம். சிப்பி ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் தூக்கியே வைத்தால் ரப்பரின் அடிமடிப்புகள் இரவெல்லாம் இழுபட்டு நிற்கும். சில ஆண்டுகளில் மடிப்பின் பள்ளத்தில் விரிசல் விடும்.

"இறக்கி வைன்னு எத்தன தடவ சொல்றது?"

"இறக்கி வெச்சா சிப்பி ஒட்டும்ங்க. அப்புறம் ஞாயித்துக்கெழம அதச் சொரண்டிட்டு இடுப்பு வலிக்குதுன்னு என்கிட்டதானே வந்து படுப்பீங்க."

"சிப்பிய நான் சொரண்டிக்கிறேன். ரப்பர் கிழிஞ்சா யாரு தைக்கிறது?"

ஹாரன் தன் படகிலிருந்தே பதில் சொல்வார். "என்ன சார், ரப்பர் ரப்பர்னு பயந்துக்கிட்டு. நான் இருவது வருஷமாத் தூக்கித்தான் வெக்கிறேன். முழுகிட்டேனா?"

"நீங்க முழுகுனா கடலே வெளிய வந்துரும்ணே," என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டிரைவ் தூக்கியபடியே இருக்கும்.

போன முறை படகை மேலே இழுத்தபோது, அடியிலிருந்து இரண்டாவது மடிப்பில் விரிசல் இருந்தது. கட்டைவிரலால் மடிப்பை விரித்தால்தான் தெரியும். ஒரு தீக்குச்சி நீளம் இருக்கும். இன்னும் உள்வரை போகவில்லை, ஆனால் போய்விடும். புதிய ரப்பர் என் பெட்டியில் உறை பிரிக்காமல் இருந்தது. மாற்ற நான்கு மணி நேரமாகும். டிரைவை முழுதாகக் கழற்ற வேண்டும். தனியாகத் தூக்கினால் முதுகு போகும் என்பதால் ஆள் பிடிக்க வேண்டும்.

அன்று எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். விரிசலைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை. ஒரு நிம்மதி. பதினோரு வருடமாக நான் சொன்னது சரி என்று அந்த ரப்பர் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். "சரி, மாத்திருங்க," என்பாள். மாற்றிவிடுவேன். மறுபடியும் ஒன்றும் நடக்காது.

பழைய ரப்பரைத் துடைத்தேன். விரிசல் மேல் கறுப்புப் பசை தடவி விரலால் நீவிவிட்டேன். நோட்டில் 'துருத்தி ரப்பர்: புதிது' என்று எழுதினேன். என் நோட்டில் நான் எழுதிய முதல் பொய் அது. கையெழுத்து கொஞ்சம் நேராக விழவில்லை என்பதை நீங்களே பார்க்கலாம்.

நான் நினைத்தது இதுதான். சாயங்காலம் அவள் வழக்கம்போல டிரைவைத் தூக்கி வைப்பாள். அடிமடிப்பு இழுபடும். பசை விடும். யாரும் இல்லாத நேரத்தில் கட்டிய இடத்திலேயே படகு மெல்ல நிரம்பி உட்கார்ந்துவிடும். படித்துறையில் தண்ணீர் இடுப்பளவுதான். ஒருவருக்கும் நகம்கூடப் பெயராது. காலையில் வந்து பார்ப்பார்கள். ஹாரனும் பார்ப்பார். நான் கீழே இறங்கி, மடிப்பை விரித்துக் காட்டுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை நான்.

இதற்கு ஒரு இடைஞ்சல் இருந்தது. எஞ்சின் அறையின் அடியில் ஒரு மிதவை சுவிட்ச் உண்டு. உள்ளே தண்ணீர் ஏறினால் அது மிதந்து, பம்பைத் தானாக ஓட வைக்கும். ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு மணியையும் அடிக்கும். நான் பொருத்தியதுதான். அது இருந்தால் உள்ளே வரும் தண்ணீரைப் பம்ப் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், படகு உட்காராது. அதனால் அதன் கம்பியை வெட்டினேன். முனைகள் உரசித் தீப்பொறி வரக் கூடாது என்று இரண்டுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொப்பி மாட்டினேன். அந்தத் தொப்பிகளைத்தான் நேற்று நீங்கள் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினீர்கள். அஜாக்கிரதையாக விட்டால் எஞ்சின் அறையில் தீப்பிடிக்கும். படகில் ஆட்கள் போகிறார்கள் அல்லவா?

படகைத் தண்ணீரில் இறக்கினோம். முதல் நாள் காலை போய்ப் பார்த்தேன். மிதந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், டிரைவ் கீழே இறங்கியிருந்தது.

"என்ன, இறக்கி வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

அவள் பயணிகளின் மிதவைச் சட்டைகளை எண்ணி மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பதில் சொன்னாள். "நீங்களும் பதினோரு வருஷமாக் கத்திக் கத்தித் தொண்ட வத்திப் போச்சு. போன ஞாயித்துக்கெழம நீங்க எந்திரிக்கும்போது முட்டியப் புடிச்சிட்டு எந்திரிச்சீங்க. பாவமா இருந்துச்சு. ஒரு தடவ கேட்டுத்தான் பாப்போமேன்னு."

"ஹாரன் என்ன சொல்லுவாரு?"

"அவரு என்ன சொன்னா என்ன? அவரா எனக்குச் சோறு போடுறாரு?" பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா இனிமே அந்த ரப்பருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும், சொல்லிட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வாயெடுத்தேன். படித்துறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். என்னவென்று சொல்வது? கிழிந்த ரப்பரைத் தெரிந்தே மாட்டினேன், புதிது என்று எழுதினேன், கம்பியை வெட்டினேன் என்றா? அவள் முதல் முறையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். அந்த நாளில் போய் அதையா சொல்வது? அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அலுவலக வேலை வந்தது. அதற்கடுத்த ஞாயிறு முதுகு வலி.

இடையில் ஒன்று எனக்குத் தெரிந்தே இருந்தது. எழுதிவிடுகிறேன். டிரைவ் இறங்கியிருந்தால் கட்டிய இடத்தில் அந்த மடிப்பு மூடிக்கொள்ளும். அங்கே ஒழுகாது. ஆனால் ஓடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அது விரிந்து சுருங்கும். பாரம் ஏறினால் பின்பக்கம் இன்னும் அழுந்தும். அதாவது, இனி அது கிழிந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் கிழியாது. இதைத் தெரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம். மூன்று வாரம், தினமும் காலை, இதைத் தெரிந்துகொண்டேதான் படித்துறையில் நின்று அவளுக்குக் கையசைத்தேன்.

அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம். ஒன்பது பேர் ஏறினார்கள், அவளைச் சேர்த்துப் பத்து. மருத்துவமனைக்கு ஆக்சிஜன் உருளைகள் வேறு ஏற்றினார்கள். பின்பக்கம் வழக்கத்தைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. உருளைகளின் பாரம் என்று நினைத்துக்கொண்டேன். உருளைகளை முன்பக்கம்தான் வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

அரிசிக்கடை ஒன்றில் தராசைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

"என்னங்க, பின்பக்கம் கனமா இழுக்குது. திருப்புனா சொன்னபடி கேக்க மாட்டேங்குது. எஞ்சின் மூடியத் தெறந்து பாத்துரட்டா?"

"மணி அடிச்சுதா?"

"இல்ல."

கையிலிருந்த எடைக்கல்லைத் தட்டில் வைத்தேன். கடைக்காரர் தராசின் மறுதட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். மூடியைத் திறந்தால் தண்ணீர் தெரியும். கையால் போடுகிற பம்ப் சுவிட்ச் ஒன்று உண்டு, அதைப் போடுவாள். பக்கத்தில் மணல்திட்டு இருக்கிறது, நாலைந்து நிமிடத்தில் ஏற்றிவிடுவாள். எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் மூடிக்கு நேர் கீழேதான் அந்த வெள்ளைத் தொப்பிகள் இருந்தன. பார்த்ததுமே என் கைவேலை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒன்பது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

"மணி அடிக்கலன்னா தண்ணி இல்லன்னுதான் அர்த்தம். காத்துக்கு அப்படித்தான் இழுக்கும். ஓடும்போது மூடியத் தெறக்காத. போயிட்டே இரு," என்றேன்.

"சரிங்க. நீங்க சொன்னாச் சரி. மத்தியானம் வெளிய எங்கயும் திங்காதீங்க, டப்பால வெச்சிருக்கேன்," என்று போனை வைத்தாள்.

நான் அந்தத் தராசுக்கு முத்திரை வைத்தேன். சரியாக இருந்தது.

அதன் பிறகு பதினோரு நிமிடம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றது. நின்றதும் பின்னாலிருந்து வந்த அலை பின்சுவரைத் தாண்டிவிட்டது. மீன்பிடிப் படகுகள் வந்து ஏழு பேரைத் தூக்கின. மருந்துக்கடைக்காரர், கால் கட்டோடு மருத்துவமனைக்குப் போன தையற்காரப் பெண், என் மனைவி, இந்த மூன்று பேரும் கிடைத்தபோது உயிர் இல்லை. ஹாரன்தான் அவளைத் தன் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு அன்று குரலே எழவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சார் அவங்கள டிரைவத் தூக்கி வெக்கச் சொன்னேன், என்னாலதான்," என்று அழுதார். தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "அப்படியெல்லாம் நினைக்காதீங்க," என்றேன். அவர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். முடிந்தால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் நல்ல மனிதர்.

ஆக, சுருக்கமாக: விரிசலைப் பார்த்தேன், மறைத்தேன், மணியை ஊமையாக்கினேன், மூடியைத் திறக்காதே என்று சொன்னேன். நான்கையும் நான்தான் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. மற்றபடி அந்தப் படகில் குறை கிடையாது. எண்ணெயைச் சோதித்தவர் ஒரு சொட்டுக்கூட வெளுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இவ்வளவு சுத்தமாகப் பராமரித்த டிரைவைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னாராம்.

நீங்கள் கூப்பிடும் முன்பே நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். முந்தாநாள் சாயங்காலம் ஒரு செவிலிப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். பிழைத்த ஏழு பேரில் ஒருத்தி. அவள் போட்டிருந்த மிதவைச் சட்டையின் கொக்கி மாட்டவில்லையாம். என் மனைவி தன்னுடையதைக் கழற்றி அவளுக்குப் போட்டு, வாரை இழுத்துக் கட்டிவிட்டு, கன்னத்தில் தட்டினாளாம். அந்தப் பெண் என் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

"சார், புதுசா ஏறுறவங்க பயந்தாங்கன்னா அக்கா தெனமும் ஒண்ணு சொல்லுவாங்க. நாங்க அத மனப்பாடமாவே வெச்சிருக்கோம். 'பயப்படாதீங்க. இந்தப் படகுல என் வீட்டுக்காரர் குனிஞ்சு பாக்காத ஒரு ஆணி கெடையாது. உங்கள அக்கரைக்குக் கொண்டு போறது அவருதான். நான் சும்மா சக்கரத்தத் திருப்புறேன்'னு. நாங்ககூடக் கிண்டல் பண்ணுவோம், 'போதும்க்கா, உங்க வீட்டுக்காரர் பாட்டு'ன்னு. அன்னிக்குக்கூடச் சொன்னாங்க சார். உங்ககிட்ட போன்ல பேசி முடிச்சதும் எல்லாரையும் திரும்பிப் பாத்து, 'அவரே சொல்லிட்டாரு, ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னாங்க."

அவள் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு வருடம். ஆண்டுக்கு முந்நூறு நாள் என்றாலும், காலையும் மாலையும். அத்தனை தடவை, அத்தனை பேரிடம், நான் இல்லாத இடத்தில். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசைதான். எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். ஒரே ஒரு நாள் அதில் பாதியை என் காதுபடச் சொல்லியிருந்தால், ஐயா, அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் ரப்பரை மாற்றியிருப்பேன். அவள் செய்த அந்த ஒரு தவறையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்றபடி அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.